மணலுக்குள் போன நாலு தேசிக்காய்

பிரசாந்தி ஹெல்மெட் கழுவும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு ஹெல்மெட்டுக்குள் யாரோ சத்தி எடுத்து வைத்திருந்தார்கள். எடுத்தவர் அதை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வெயிலில் அது காய்ந்து உள்பஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. தெரியாமல் கையை விட்டவள், தென்னைக்குப் பின்னால் ஓடிப் போய்த் தானும் சத்தி எடுத்தாள். அன்றைக்கு மிச்ச ஹெல்மெட்டுகளில் ஒன்றையும் தொட அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்து பார்த்தால், எல்லா ஹெல்மெட்டின் உள்பஞ்சும் கழற்றித் தோய்த்து வேலிக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. யார் செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பஞ்சில் சிவப்புச் சவர்க்காரம் மணத்தது. கையில் பிடித்த கிறீஸைத் தொழுகைக்கு முன் கழுவவென்று அந்தச் சவர்க்காரத்தை வைத்திருந்தவர் அங்கே ஒருவர்தான், எல்லோரும் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் மெக்கானிக் அலியார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு ஸ்பேனரை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

நிலாவெளிக் கடற்கரையில் நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களை வாடகைக்கு ஓடக் கொடுக்கும் இடம் அது. முதலாளி மதுசன், இளம் பொடியன். ஆறு வண்டிகள் இருந்தன. ஐந்து பாரமானவை, மெதுவாகப் போகிறவை. அவற்றுக்கு அலியார் வைத்த பெயர் கழுதைகள். ஆறாவது பந்தயத்துக்கென்று செய்த வண்டி, பதிந்தது, எடை குறைந்தது, விரலால் தட்டினாலே பாயும். அதை வெட்டுக்கிளி என்பார்.

அலியார் கிண்ணியாக்காரர். பாலம் கட்டுவதற்கு முன்பே பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்து, திருகோணமலை ரவுணில் ஒரு டயர் கடைக்கு வேலைக்குப் போனவர். மனைவி மவுத்தாகிவிட்டார். ஒரே மகள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல ஏலாது. வெற்றிலை போட்டு ஒரு பால்மாத் தகரத்துக்குள் துப்புவார். அந்தத் தகரத்தைக் கண்டாலே பிரசாந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“நானா, அந்தத் தகரத்தை மட்டும் நான் கழுவ மாட்டன்.”

“கழுவச் சொன்ன ஆரு? அது என்ட பேங்க்.”

சீசன் தொடங்க முன் மதுசன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெட்டுக்கிளியைப் போன்ற வண்டி, ஆனால் டயர்கள் இரண்டு அளவு பெரியவை, அகலமானவை. கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு நின்றது.

“இதைப் பூட்டினால் படம் பிடிக்கப் பாஞ்சு வருவினம் நானா.”

அலியாரும் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “மாப்பிளை மாதிரி இரிக்கி” என்றார். அவருக்கும் ஆசைதான்.

டயர்கள் வந்தன. புது ரப்பரின் நாற்றம் மூன்று நாள் பிரசாந்தியின் சோற்றுக்குள்ளும் இருந்தது. பூட்டிப் பார்த்தால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் டயர் மட்காட்டில் உரசிற்று. மட்காட்டைப் பல்லுள்ள வாளால் அரிந்தார்கள். அரிந்த இடம் எலி கடித்த பாண் போல இருந்தது.

காற்றை நன்றாகக் குறைத்துவிட்டு அலியார் ஓடிப் பார்த்தார். முன்பு வயிறு வரை புதைந்துபோகும் பொறி மணலில் வண்டி மிதந்துகொண்டு போனது. மதுசன் கைதட்டினான். திரும்பி வந்த அலியாரின் முகத்தில் மாப்பிள்ளைக் களை இல்லை.

“மணலுக்கு நல்லம்தான் மனே. ஆனா பழைய பாய்ச்சல் இல்ல, மாடு எழும்புற மாதிரி எழும்புது. பிறேக்க அமத்தினா நிக்கிற இடத்துக்கு அங்கால போய்த்தான் நிக்குது. உசந்து போச்சு, வளைக்கக்குள்ள உள்பக்கச் சில்லு தூக்குது.”

“பழகினால் சரிவரும் நானா.”

“பின்னுக்கு மட்டும் ஒரு அளவு கூட்டியிருந்தாப் போதும். நானும் படத்தப் பாத்து மயங்கிட்டன். காத்துக் குறைச்சலா இரிக்கிற மட்டும் ஓட்டலாம். காத்துக் கூடினா பந்து மாதிரித் துள்ளும், ஆளக் கவுக்கும். இத மட்டும் மறந்திராதீங்க.”

பிரசாந்தி இதை ஹெல்மெட் கழுவிக்கொண்டே கேட்டாள். கேட்டது நல்லதாகப் போயிற்று.

சீசன் திறக்கும் நாள் பூசை. பிள்ளையார் படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, வெட்டுக்கிளியின் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்கள். பிரசாந்தி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது விளையாட்டு அல்ல. கண்ணூறும் திருஷ்டியும் அந்தப் பழத்தோடு கழிந்து போகவேண்டும் என்று மனதார வேண்டினாள். மதுசன் ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்தபடி வண்டியை உருட்டினான்.

பழங்கள் நசுங்கவில்லை. காற்றுக் குறைந்த கொழுத்த டயர் அவற்றை மெதுவாக மணலுக்குள் அமத்திவிட்டுப் போயிற்று.

மதுசனின் முகம் கறுத்தது. வேறு பழம் எடுத்துப் பலகையில் வைத்து உருட்டினான். டயர் பழத்தின்மேல் மடிந்து ஏறி இறங்கிற்று. பழம் அப்படியே கிடந்தது.

“இதென்ன மூதேவித்தனம்! படம் வேற ஓடுது. நானா, காத்தை அடியுங்கோ.”

அலியார் அசையவில்லை. “காத்தடிச்சா…”

“சாமி காரியம் நானா. பழம் நசுங்காட்டி சீசனே போச்சு.”

சாமி காரியம் என்ற சொல்லோடு அலியார் வாயை மூடிக்கொண்டார். அடுத்தவனுடைய வணக்கத்துக்குள் கால் வைக்காத மனிதர் அவர். காற்றை அடித்தார். டயர்கள் பறை போல விறைத்தன. பலகையில் வைத்த நாலு பழமும் பட்பட்டென்று வெடித்தன. தேசிப்புளியும் ரப்பரும் கலந்த ஒரு நாற்றம் எழுந்தது. அதற்குள் அலியார் குனிந்து, மணலுக்குள் போன முதல் நாலு பழங்களையும் தோண்டி எடுத்துச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டு தன் ஸ்பேனர் பெட்டிப் பக்கம் போய்வருவதைப் பிரசாந்தி கண்டாள். கழிப்புப் பழத்தைத் தேத்தண்ணிக்குள் பிழியப் போகிறாராக்கும் என்று அவளுக்கு உடம்பு கூசிற்று.

“இனி இறக்கிவிடுவம்” என்று அலியார் வால்வில் கை வைத்தார்.

“விடுங்கோ நானா! நசுக்கின காத்தைப் பூசை முடிஞ்ச கையோட எடுத்தால் அபசகுனம்.”

“தம்பி,” என்றாள் பிரசாந்தி, “பிள்ளையார் காத்தை அளந்து பாத்தோ வரம் குடுக்கிறவர்?”

“அக்கா, நீங்கள் ஹெல்மெட்டைப் பாருங்கோ.”

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் பெரிய டயர் வண்டியைத்தான் கேட்டான். ஐந்து வயது மகளை முன்னுக்கு இருத்தி ஓடவேண்டுமாம். மதுசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனே பிள்ளையைத் தூக்கி இருத்தினான். பிள்ளையின் கால் மிதிக்கட்டைக்கு எட்டவில்லை. போன் இன்னும் அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பிரசாந்திக்கு அந்த ஹெல்மெட்டுக்குள் கையை விட்ட நாள் நினைவு வந்தது. அன்றைக்கு வந்த அதே ஓங்காளம்.

அலியார் போய்ப் பிள்ளையை இறக்கினார்.

“கொஞ்சம் நில்லுங்க தொர. கழுதையா குதிரையா எண்டு ஒருக்கா பாத்துட்டு வாறன்.”

ஏறி ஓடினார். இறுகிய மணலில் வண்டி துள்ளிற்று. தாழையடியில் திருப்பினார். உள்பக்கச் சில்லு இரண்டும் எழும்பின, பின்பு வானம் பார்த்தன. வண்டி அவர் தொடைமேல் கவிழ்ந்தது.

எல்லோரும் ஓடினார்கள். மதுசனும் ஓடினான். அவன் வாயிலிருந்து முதலில் வந்தது, “ஐயோ, மட்காட்!” என்பதுதான்.

மணலில் கிடந்த அலியார் பிரசாந்தியைப் பார்த்து, “புள்ளைய ஏத்தல்லதானே?” என்று கேட்டார்.

“இல்லை நானா, தாயோட நிக்குது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினால், மதுசன் வண்டியை நிமிர்த்தி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். “நானாவுக்கு வயசு போயிட்டுது, அதான்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். பிரசாந்தி கொண்டை ஊசியை உருவி, குந்தியிருந்து, ஒவ்வொரு வால்வாகக் குத்தினாள். அடைபட்டுக் கிடந்த அந்தப் புளித்த காற்று முகத்தில் அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நாலையும் இறக்கினாள்.

“அக்கா, அபசகுனம்!”

“அது நடந்து முடிஞ்சுது தம்பி.”

பழைய டயர்கள் திரும்பப் பூட்டப்பட்டன. அதில் ஒரு நிம்மதி. ஆனால் மதுசன் அந்தப் பெரிய டயர்களைக் கழுவி, மாலை போட்டு, வாசலில் அலங்காரமாகத் தொங்கவிட்டான். பூசைப் படத்தில் வண்டி கவிழ்ந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, பாட்டுப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினான். பிரசாந்திக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த டயர்களுக்குக் கீழால், பிள்ளையாரே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவாள்.

அலியாரின் தொடை எலும்பு பொருந்தியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது. இனி வண்டியில் ஏற ஏலாது. புத்தளத்திலிருந்து மகள் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பிரசாந்தி கிண்ணியாவுக்குப் போனாள். அவர் கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். பக்கத்தில் அந்தப் பால்மாத் தகரம். இந்த முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தாள்.

“தொப்பி கழுவுற ஆரு இப்ப?”

“நான்தான் நானா. வேற ஆர்?”

“நாத்தம் எப்பிடி?”

“அது கிடக்குது அப்பிடியே.”

வாசலில் வான் வந்து நின்றது. மகள் கைத்தாங்கலாக அவரைத் தூக்கினாள். படியிறங்கும்போது அவர் நின்று, எதையோ மறந்தவர் போலத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, அந்த நாலு தேசிக்காயும் என்ட ஸ்பேனர் பெட்டிக்குள்ள கிடக்கு. சாமிக்கு வெச்சதாச்சே, மிதிபடப்படாதெண்டு எடுத்து வெச்சன். தொப்பிக்குத் தேச்சா நாத்தம் போகுமெண்டு ஒருக்கா நினைச்சன்தான்… சாமிப் பொருள ஒங்களக் கேக்காம எப்பிடித் தேய்க்கிற?”