காலி ஜாரில் ஓடிய மிக்ஸி

எண்பதுகளில் பொம்மிடியில் எனக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். எங்கள் தெருவுக்கே முதல் மிக்ஸி அவர் வீட்டில்தான். மருமகள் சீராகக் கொண்டுவந்தது. ஆனால் சட்னியை மருமகள் அம்மியில்தான் அரைப்பாள். மகன் குடித்துவிட்டு வரும் நாட்களில் மட்டுமே மிக்ஸி ஓடும்.

ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள் அலறல் கேட்டு ஓடினேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடித்து நின்றார். ஜாரில் ஒன்றுமில்லை.

"நிறுத்துங்கம்மா, அந்தப் பொண்ணை அடிக்கிறாரு!"

"நிறுத்துனா தெருவுக்கே கேக்குங்களே தம்பி," என்றார், அதே சிரிப்போடு. "உங்களுக்குக் கல்யாணமானா வூட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க. ரொம்ப ஒத்தாசைங்க."

இன்றும் எந்த வீட்டில் மிக்ஸி ஓடினாலும், ஜாரில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.