மாமாவின் கிண்ணங்களைக் கல்லூரிக்குக் கொடுத்த நாள்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவன் நான். எழுத்துப் பழக்கமில்லை. அதைவிட, அம்மா உயிரோடு இருக்கும்வரை எழுத மனம் வரவில்லை. போன மாசியில் அவர் சிவபதம் அடைந்துவிட்டார். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. கல்லூரியில் அவர் விளையாடாத விளையாட்டில்லை. உதைபந்தாட்டத்தில் கோல் காப்பார், துடுப்பாட்டத்தில் பந்து வீசுவார், தடைதாண்டலும் கோலூன்றிப் பாய்தலும் என்றால் முதலிடம் அவருக்குத்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், ஒருநாள் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனவர் திரும்பி வரவில்லை. எங்கே போய்க் கேட்டும் பதிலில்லை. அவருடைய கிண்ணங்களும் பதக்கங்களும் ஓட்டத்துக்குக் காலில் போடும் ஆணிச் சப்பாத்தும் ஒரு தகரப்பெட்டியில் அம்மாவிடம் இருந்தன. ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமம் போனபோதும் அந்தப் பெட்டி கூடவே வந்தது.

“சைக்கிளைத் தடையாய் நிப்பாட்டி உன்ரை தம்பி பாஞ்ச பாய்ச்சலுக்கு என்ரை சைக்கிள் ரிம்மெல்லோ வளைஞ்சு போச்சு,” என்று அப்பா நெடுகச் சொல்லிக்காட்டுவார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். கல்லூரியில் பழைய வீரர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் திறக்கப்போவதாகச் சொல்லி அந்தப் பொருட்களைக் கேட்டார்கள். அம்மா முதலில் மறுத்தார். பிறகு, “சரி, வந்தானெண்டால் அங்கை போய்ப் பாக்கட்டுமன்,” என்று சம்மதித்தார். கிண்ணங்களைப் புளி போட்டு மினுக்கினார். அப்பாதான் பெட்டியைச் சுமந்தார்.

திறப்பு விழாவன்று கண்ணாடி அலுமாரிக்கு மேலே மாமாவின் பெரிய படம் மாட்டியிருந்தது. மாணவர்கள் அதற்குச் சந்தனமாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் சாமியறையில்கூட அவ்வளவு வடிவான மாலை இல்லை. மாமாவும் சாமியாகிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மா நேரே போனார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றிக் கல்லூரி அதிபரின் கையில் கொடுத்தார்.

“குறை நினையாதேங்கோ ஐயா. அவன் இருக்கிறான்.”

பின்னாலிருந்து யாரோ, “பாவம், மனிசிக்கு மூளை தட்டிப்போச்சு,” என்றார்.

அப்பா திரும்பினார். “ஆருக்குத் தட்டினது? என்ரை மச்சான் வந்து நிண்டால் உந்த வாயை எங்கை கொண்டுபோய் வைப்பியள்?” அதற்கு முன்போ பின்போ அப்பா சபையில் குரல் உயர்த்தி நான் கண்டதில்லை. அதிபர் தானே குனிந்து ஊதுபத்தியை அணைத்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை.

“ஏனம்மா அதைக் கழட்டினனீங்கள்? வடிவாத்தானே இருந்தது!”

அம்மா என்னை மடியில் இழுத்தார். “அவனுக்குக் கலியாணத்துக்கெல்லோ மாலை போடோணும்.”

“எப்பம்மா கலியாணம்?”

“வந்த உடனை.”

“எனக்குப் புதுக் காற்சட்டை தைப்பியளோ?”

“ஓம் ராசா.”

அப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காற்றுக்குத்தான் அவர் கண் கலங்குகிறது என்று நினைத்தேன். காற்சட்டை நீல நிறத்தில் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டேன்.

இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் மாமா இறந்துவிட்டார் என்று சேர்க்க வேண்டாம். திரும்பி வந்தார் என்றும் சேர்க்க வேண்டாம். அம்மா விட்டுப்போன இடத்திலேயே விட்டுவிடுங்கள்.