பூட்ஸுக்குள் விழுந்த கலவை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சரவணம்பட்டியில் எங்கள் புது வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போட்ட நாள் அது. நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கும் டீச்சர். அந்த வாரம் வகுப்பில் நடத்தியதே அமிலமும் காரமும்தான். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பிள்ளைகளை உருப்போட வைத்திருந்தேன்.

கட்டட ஆட்கள் வெறுங்காலோடு நிற்கக் கூடாதென்று எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பதினொரு மணி இருக்கும். கலவையை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்த சித்தாள் பெண், “ஏனுங் டீச்சர், பூட்ஸுக்குள்ள கலவை போயிருச்சுங்க, காலு எரியுதுங்க. கீழ போய்க் கழுவிப்போட்டு வாரேனுங்க” என்றாள்.

வேலை பாதியில் தடைபட்டால் தளம் மழைக்கு ஒழுகும் என்று மேஸ்திரி காலையிலிருந்தே பயமுறுத்திக்கொண்டிருந்தார். ஒரு ஆள் குறைவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“இன்னுங் கொஞ்ச நேரந்தான் கண்ணு, முடிச்சுப்போட்டே கழுவிக்கலாம்” என்றேன்.

முடியும்போது மணி மூன்று. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கொப்புளம்கூட இல்லை. தோல் வெளுத்து ஊறியிருந்தது, அவ்வளவுதான். பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபடிதான் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். காலை ஊன்றவே முடியவில்லையாம். காரம் புரோட்டானை வாங்கிக்கொள்ளும் என்று போர்டில் எழுதிப்போட்ட எனக்கு, சிமெண்டில் இருக்கும் காரம் மனுஷத் தோலிடமிருந்தும் வாங்கும் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியும் இரண்டு கால்விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவள் கேட்டாள்.

“சிமெண்டு தோலைத் திங்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா டீச்சர்?”

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“தெரியாது அம்மணி” என்றேன். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம் என்று தெரிந்துதானே பூட்ஸே வாங்கினேன்! அவமானத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது அந்தப் பாடம் வந்தால், எரிகிறது என்று யார் சொன்னாலும் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்ல இன்னும் துணிச்சல் வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும், ஒரு சொட்டுகூட ஒழுகாத அந்தத் தளத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன். அதற்காக யாருடைய விரல்கள் போயின என்பது எனக்குத் தெரியும்.