முகர்ந்து பார்க்கும் வேலை

உங்கள் சட்டைக் காலரின் கறையைச் சலவைத்தூள் எப்படித் தின்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? தின்பது அதிலுள்ள நொதி. அதைச் சுரப்பது பூஞ்சை. நொதி ஆலையில், மாவு மில் கழித்த தவிட்டை நனைத்து, அவித்து, தட்டுகளில் பரப்பி, பூஞ்சையைத் தூவிப் புழுக்கமான அறையில் அடுக்குவார்கள். முதலில் வெள்ளை படரும், பிறகு பச்சைத் தூள் கட்டும். கை பட்டால் அது புகையாகக் கிளம்பும்.

அந்த அறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் 'மூக்கு' என்றே கூப்பிட்டார்கள். நல்ல தட்டில் காளான் வாசம் வரும். கெட்டது புளித்து நாறும். சோதனைக்கூடத்தில் பார்த்தால் செலவு. இவள் முகமூடியை இறக்கி ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

"இதைப் போட்டுக்கிட்டே எப்படி சார் மோந்து பாக்கறது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மத்த நேரம் போட்டுக்கம்மா" என்றார் மேற்பார்வையாளர். மற்ற நேரம் என்று அவளுக்கு ஒன்று இருந்தால்தானே!

வேலை முடிந்து வந்ததும் காய்ச்சல், இருமல். படியேறினால் மூச்சு விசிலடித்தது. உள்ளே மோட்டார் ஓடுகிறது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று கணவன் கிண்டலடித்தான். தெருமுனை மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமலே மருந்து எழுதினார். சம்பாதிக்கிற மருமகள்மேல் கண் பட்டுவிட்டதென்று மாமியார் மந்திரித்த கயிறு கட்டினாள்.

அந்த வாரமே கொதிகலன் பழுதாகி ஆலையை மூடினார்கள். வீட்டிலிருந்த நாட்களில் இருமல் நின்றது. நிறைகுடத்தோடு நிற்காமல் மாடியேறினாள்.

"பாத்தியாடி, கயிறு காப்பாத்திடுச்சு" என்றாள் மாமியார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் வீடே நம்பியது, அவளும் நம்பினாள். ஆலை திறந்ததும், கயிறுதான் இருக்கிறதே என்று முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்தாள். காய்ச்சல் திரும்பியது. மாமியார் இன்னொரு கயிறு கட்டினாள். கயிறு கூடக் கூட மூச்சு குறைந்தது.

கடைசியில் பெரிய மருத்துவமனை. பரம்பரை ஆஸ்துமாவாக இருக்கும் என்று ஆலை நிர்வாகம் கைகழுவிவிட்டது. மருத்துவமனையிலிருந்த பெண் மருத்துவர்தான் நுரையீரல் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு முதன்முதலாகக் கேட்டார்: "என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பச்சைத் தூளால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது; இனி இளகாது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலையே, டாக்டர்."

இன்று மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மகளின் தலையைப் பின்னிவிடப் பாதியிலேயே கை ஓய்ந்துவிடுகிறது. தட்டறையில் வேறொருத்தி முகமூடியை இறக்கி முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது விடாமல் இருமினால், கயிறு தேடாதீர்கள். என்ன வேலை, லீவு நாளில் இருமல் குறைகிறதா என்று கேளுங்கள். பதிலை மருத்துவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.