அப்பாவுக்கு அல்சர்

எங்கள் அப்பா அல்சரில் இறந்ததாகத்தான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தோம். வயிற்றில் புற்று என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், முற்றிவிட்டது என்று அப்படியே தைத்து அனுப்பிவிட்டார். அப்பா காதில் விழக்கூடாது என்று மறைத்தோம். தம்பியிடம் சொன்னால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனிடமும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் போன பிறகு அந்தப் பொய்யைக் கட்டிக்காக்க நான் ஒருத்திதான் மிச்சம்.

போன வருஷம் தம்பிக்குச் சாப்பிட்டதும் மேல்வயிறு எரிய ஆரம்பித்தது. தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டுகிறவன். கேஸ் என்று தானே முடிவு செய்து, மருந்துக்கடையில் ரோஸ் கலர் மருந்தாக வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். திட்டித் திட்டித்தான் டாக்டரிடம் இழுத்துப்போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

"வீட்ல யாருக்காவது வயித்துல கேன்சர் இருந்திருக்கா?"

"இல்ல மேடம். அப்பாவுக்கு அல்சர்தான்," என்றான் தம்பி.

அவர் மாத்திரை எழுத ஆரம்பித்தார். பாசம் என்று நினைத்துக் காப்பாற்றிய பொய், இவன் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

"அல்சர் இல்லம்மா," என்றேன். "கேன்சர். நாங்கதான் மறச்சோம்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு எண்டோஸ்கோபிக்கு எழுதினார். பயந்தபடியே இருந்தது. ஆனால் சின்னதாக, மேலோட்டமாக.

"அப்பல்லாம் முத்தினப்புறம்தான் வருவாங்க. அதான் காப்பாத்த முடியல. இப்ப சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டா நல்லாவே இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

வயிற்றில் பாதியை எடுத்தார்கள். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறான். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று உபசரிக்கிற என் வாயைக் கட்டிப்போடுவதுதான் பெரும்பாடு.

போன ஞாயிறு பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னேன்: "ஒங்கிட்ட மறச்சதுக்கு மன்னிச்சிக்கடா."

நிதானமாக மென்று விழுங்கினான்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. அப்பாதான் சொன்னாரு."

"அப்பாவுக்கு யார்றா சொன்னது?"

"அவராவே புரிஞ்சிக்கினாரு. அம்மாவும் அக்காவும் தாங்க மாட்டாங்க, அவங்ககிட்ட அல்சர்னே சொல்லுன்னு சத்தியம் வாங்கினாரு. ஒன்ன பக்கத்துல வச்சிக்கினு டாக்டர்கிட்ட எப்பிடிக்கா சொல்லுவேன்?"