கணுக்காலில் இறுகிய பசை

பல்கலைக்கழக ஆய்வகத்தில் என் பேத்தி ஒரு மருந்துக் கூழ் செய்கிறாள். குளிர்ச்சியில் தண்ணீராக ஓடுமாம். உடம்புச் சூடு பட்டதும் காயத்துக்குள்ளேயே இறுகிவிடுமாம். என் காலைக் காப்பாற்றிய கூழ் நேர்மாறு: சூட்டில் உருகும், ஆறினால் இறுகும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். தெங்கேராவில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். இடது கணுக்காலுக்கு மேல் இரண்டு புண்கள், ஏழு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் வேலை போய்விடும். நடந்துகொண்டே ஆற்றலாம் என்றார் டாக்டர்.

கட்டுப் போட்ட டிரஸ்ஸர் தமிழ் முஸ்லிம் இளைஞர். கடற்பாசியில் செய்யும் அகார்-அகார் போலக் கெட்டியாயிருந்த வெள்ளைப் பசையை டின்னோடு வெந்நீரில் வைத்து உருக்கினார். தன் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு என் காலில் பூசினார். மேலே துணி, மறுபடி பசை. நான்கு சுற்று; எண்ணினேன்.

"வெயில்ல உருகிடாதா?"

"அடுப்புல கால விடாதீங்க சார், போதும்."

"எதுல செஞ்சது?"

"ஜெலட்டின். எலும்பக் காய்ச்சி எடுக்கிறது. கவலப்படாதீங்க, டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன். பன்னி இல்ல, மாடுதான்."

அவர் நிம்மதியாகச் சிரித்தார். எனக்குப் பாதி உயிர் போயிற்று. என் புண் ஆற வேண்டும் என்று அம்மா எங்கள் ஊர் காஜா பெராங் கோயில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு விரதமிருந்தார். வீட்டில் மீன்கூட இல்லை. உள்ளே போகாமல் வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னேன்.

"அவுத்தா என்னாவும்?" என்றார் அம்மா.

"புண்ணு ஆறாதும்மா. வேலையும் போயிரும்."

"செருப்ப வாழநாருலயா தைக்கிறான்? அதுவும் மாட்டுத் தோலுதானே. அதக் கழட்டலாம், இதக் கழட்ட முடியாது. கோயிலுக்கு வந்தா வெளிய நில்லு. ஆத்தா எட்டிப் பாத்துக்குவா."

"வீட்டுக்குள்ள?"

"ரோட்டுலயா படுப்ப? உள்ள வாடா, சோறு ஆறுது."

வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் செருப்புகளுக்குக் காவல் போல நின்றேன். அம்மா வெளியே வந்து திருநீறு பூசிவிடுவார். வாரம் ஒரு முறை கட்டு மாற்றினார்கள். கடைசிக் கட்டை வெட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொறந்து பாருங்க சார். உங்க காலுதான்."

இரண்டு புண்களும் மூடி, மெல்லிய புதுத் தோல் வந்திருந்தது. அந்த வருஷ முடிவில் வேலையும் நிரந்தரமானது.

நேர்த்திக்கடன் செலுத்தியபோது டிரஸ்ஸர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னார் அம்மா. குருக்கள் பெயரைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, நட்சத்திரம் என்ன என்றார்.

"அதெல்லாம் அவங்களுக்கு ஏது சாமி? என் புள்ளைக்குக் கட்டுப் போட்ட பாயின்னு சொல்லுங்க. ஆத்தாவுக்குத் தெரியும்."

குருக்கள் அப்படியே சொன்னார்.