பாட்டு வந்தது, ஆள் வரவில்லை

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆறு பேரில் யாரை யார் குறை சொன்னாலும், சொன்னவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். ராமேசுவரம் தீவில், அக்காள்மடம் பக்கம் வந்து விசாரித்தால் என் வாயைப் பற்றி நாலு பேர் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள், என் மகளை முகத்துக்கு நேரே குறை சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரை வாயைத் திறக்காமல் கேட்டேன். பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வந்து சில வருடம் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கேசட் கடையாக இருந்த காலம். இடம், உச்சிப்புளி தாண்டி ரோட்டோரத்தில் ஒரு உடைமர நிழல்.

என் கடைசி மகள் சிறு வயதிலிருந்தே எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடியவள். பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கண்டிப்பானவர். பாடுகிறவர்கள் சனங்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பீடத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், பாட்டு ஆண்டவருக்கு, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இல்லை என்பார். என் மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நல்ல பழக்கம்தானே என்று நானும் பெருமையாக இருந்தேன்.

அவள் குரலைக் கேட்டு ஒரு மெல்லிசைக் குழுக்காரர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு பாப் கேசட்டும் பாட வைத்தார். கிடாரும் டிரம்மும் அதிரும். அதில் ஒரு பாட்டு, கரையில் காத்து நிற்கிற பெண் கேட்பதுபோல வரும். "வந்தாச்சா வந்தாச்சா, எம் மச்சான் படகு வந்தாச்சா?" என்று கேட்பாள். "வந்தாச்சு வந்தாச்சு, வலை நெறைய வந்தாச்சு" என்று பதிலையும் அவளே பாடியிருப்பாள். அந்தக் கேசட் போட்ட போடு இருக்கிறதே! ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை அதுதான். கல்யாண வீட்டில் அது, டவுன் பஸ்ஸில் அது. கருவாட்டுக் கூடையோடு நான் போகிற இடமெல்லாம் என் மகள் குரல் எனக்கு முன்னாலேயே போய் நின்றது.

ஒரே ஒரு வருத்தம். அட்டையில் அவள் படம் இல்லை. கேசட் கம்பெனிக்காரர்கள் யாரோ ஒரு பட்டணத்துப் பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டார்கள். காதில் பெரிய வளையம், தூக்கிக் கட்டின முடி. என் மகள் முகம் வெளியே யாருக்கும் தெரியாது.

கேசட் ஓடியது. மேடை ஓடவில்லை. நான் நேரில் பார்த்தது இரண்டு மூன்று கச்சேரிதான். மற்றதெல்லாம் குழுக்காரர் சொல்லித்தான் தெரியும். கடைசியில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கேசட்டு போகுது தாயி, மேடைதான் போக மாட்டேங்குது" என்றார் மகளிடம். "இந்த மாதா கோயில் திருநாளைக்கு உங்க தீவுலதான் கச்சேரி. அங்கனயும் இப்படின்னா, மதுரைப் பொண்ணு ஒண்ணு இருக்கு, அதை மேடைக்கு வச்சுக்கிடுறேன். நீ கேசட்டுக்கு மட்டும் பாடு."

அவர் போன பிறகு மகள் அழுதாள். "கேசட்டுக்குப் பாடினா கண்ணாடி ரூமுக்குள்ள நான் மட்டும்தாம்மா நிக்கிறேன். யாரு கேக்குறான்னே தெரியலை. மேடை ஏறுனா பயம் வந்துருது. ஆனா எனக்கு மேடைதாம்மா வேணும்."

அவளுக்கு என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. உடுப்பில்தான் குறை என்று நினைத்தேன். மேடையில் மினுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று, திருநாள் அன்று காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனேன். ஜிகினா வைத்த சிவப்புச் சேலை ஒன்று எடுத்து, அதற்கு ஜாக்கெட்டையும் தையல்கடையில் நின்றே தைத்து வாங்கினேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறினோம். மகள் சாதாரண நீலப் பூப்போட்ட சேலையில் இருந்தாள்.

உச்சிப்புளி தாண்டியதும் டயர் போனது. மாற்று டயரிலும் காற்று இல்லை. கண்டக்டர் எங்களையெல்லாம் இறக்கிவிட்டு, லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு மண்டபம் பக்கம் போனார். நாங்கள் உடைமர நிழலில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர். நயினார்கோவில் பக்கத்து ஆட்கள், ஒருவருக்கு ஒருவர் மாமன் மச்சான் முறை. ஒருவர் ராமநாதபுரத்தில் டீக்கடை வைத்திருப்பவர், கச்சேரி கேட்க வருகிறார். மற்றவர் மிளகாய் விவசாயி. பஸ் மேலே அவருடைய மிளகாய் மூட்டைகள் இருந்தன. ராமேசுவரத்தில் இறக்கிவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர்.

"மூட்டையைப் போட்டுட்டு நீயும் கச்சேரிக்கு வா மச்சான்" என்றார் டீக்கடைக்காரர். "வந்தாச்சா பாட்டை நேருல கேக்கலாம்."

"நான் வரலை. அந்தப் பிள்ளை பாடுனதை எங்க ஊரு பொங்கல் விழாவுல பாத்துட்டேன். போதும்."

"ஏலே, இந்த ஜில்லாவுல அவ கேசட்டை மாதிரி எந்தக் கேசட்டும் விக்கலை, தெரியும்ல? என் கடையில அதைப் போட்டாத்தான் பெஞ்சு நிறையுது. நிப்பாட்டுனா எந்திரிச்சுப் போயிடுறானுக."

"விக்கும் மாப்ள. யாரு இல்லேன்னா? கேசட்டு விக்கிறது வேற, மேடையில பாடுறது வேற. எங்க ஊருக்குப் பாட்டு வந்துச்சு, ஆளு வரலை."

எனக்குச் சுரீரென்றது. டீக்கடைக்காரர் பையிலிருந்து கேசட்டை எடுத்து அட்டையைக் காட்டினார். "இந்த மொகத்தைப் பாத்துமா இப்படிச் சொல்றே?"

"இந்த மொகம் இல்லடா அது. இது வேற யாரோ."

"அப்பச் சரி! உங்க ஊருக்கு வந்தது டூப்பு. உன்னை நல்லா ஏமாத்திட்டானுக." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கொரலு அதே கொரலுடா. மிளகாப்பழம் பறிக்கையில பொழுதன்னைக்கும் டேப்புல அதைத்தானே கேக்குறோம், எனக்குத் தெரியாதா? மொகத்தைத்தான் காட்டலை. குனிஞ்ச தலை நிமிரலை. காசைத் தொலைச்சவ மாதிரி தரையைப் பாத்துக்கிட்டே பாடுனா."

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கண்ணை மூடிக் கேக்குறதுக்கு நான் எதுக்குடா பொட்டல்ல போயி உக்காரணும்? வீட்டுல டேப்பைப் போட்டுட்டு நீட்டிப் படுத்துக்கிட மாட்டேனா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மடியில் இருந்த பொட்டலத்தைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் போனேன். "உங்க மூட்டையில சொத்தை மிளகா இருக்காய்யா?" என்று ஆரம்பிக்க வார்த்தை கூட நாக்கில் வந்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். கெஞ்சுகிற பிடி இல்லை அது. உட்காரு என்று சொல்கிற பிடி. அந்த மாதிரி அவள் என்னைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அந்த மிளகாய்க்காரரைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, பாட்டுல என்ன குறை?"

"பாட்டுல ஒண்ணும் குறை இல்லத்தா. என் வீட்டுக்காரிக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. பொழுது சாயுறதுக்கு முன்னாலயே போயி முன் வரிசையில எடம் பிடிச்சு உக்காந்திருந்தா. அந்தப் பிள்ளை 'வந்தாச்சா'ன்னு கேட்டுச்சு. ஊரே சேந்து 'வந்தாச்சு'ன்னு கத்துனோம். அது காதுலயே வாங்கலை. எங்க பதிலு மேலயே அதுவும் பதிலைப் பாடிட்டு அடுத்த அடிக்குப் போயிருச்சு. எங்ககிட்ட கேட்டுட்டு நாங்க சொல்றதுக்குள்ள தானே சொல்லிக்கிட்டா எப்படி? என் வீட்டுக்காரி வாய் பாதியில நின்னு போச்சு. ஒரு தரம், ஒரே ஒரு தரம் இந்தப் பக்கம் பாத்திருக்கலாம்."

டீக்கடைக்காரர் கேசட்டை என் மகளிடம் நீட்டினார். "நீயே பாரு தாயி, இது தலையைக் குனியுற மொகமா?"

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு மிளகாய்க்காரரிடம் சொன்னாள். "இன்னைக்கும் ஒருக்கா வாங்கண்ணே. வந்து பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"உனக்கு எதுக்குத்தா இம்புட்டு அக்கறை? நீயும் கச்சேரிக்குத்தான் போறியா?"

"ஆமாண்ணே."

டயர் வந்து, மாட்டி, பஸ் கிளம்பியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பாம்பன் பாலத்தில் ஜன்னல் வழியாக உப்புக் காற்று அடித்தது. மகள் வழக்கமாகப் பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் பாடிப் பார்ப்பாள். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு, பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் கோயில் மைதானத்துக்குப் போனபோது மேளம் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். குழுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேடைக்குப் பின்னால் மதுரைப் பெண் பவுடர் பூசித் தயாராக உட்கார்ந்திருந்தது. சேலை மாற்ற நேரமில்லை. ஜிகினாச் சேலைப் பொட்டலம் என் கக்கத்திலேயே இருந்தது. ரோட்டுப் புழுதி படிந்த நீலச் சேலையோடு என் மகள் மேடை ஏறினாள்.

முதல் பாட்டு மாதா பாட்டு. பழையபடி கை கட்டி, தலை குனிந்து பாடினாள். அடுத்தது அந்தப் பாட்டு. டிரம் அதிர்ந்தது. "வந்தாச்சா வந்தாச்சா, எம் மச்சான் படகு வந்தாச்சா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு நிறுத்தினாள். கட்டின கையை அவிழ்த்து, தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

அவள் வரி மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குழுக்காரர் முகம் செத்துவிட்டது. கிடார்க்காரர் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். மேடையில் பாடுகிறவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டாள். "வந்தாச்சா?"

கூட்டத்தின் வலது பக்கத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் கிளம்பியது. "வந்தாச்சு தாயி, வந்தாச்சு! வலை நெறைய வந்தாச்சு!"

சுதியும் இல்லை, தாளமும் இல்லை. கடலில் கால் வைக்காத மிளகாய்க்காரர், தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு நின்றார். நீலச் சேலையை அடையாளம் கண்டுகொண்டார்! சனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேடையில் என் மகள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது மைதானமே பதில் சொன்னது. கடலுக்குப் போன புருஷனுக்காகக் கரையில் எத்தனையோ நாள் நின்ற பெண்கள் நாங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் தினமும் கேட்டிருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து "வந்தாச்சு" என்று கத்தியபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. அந்தப் பாட்டை முடிக்க விடவில்லை சனங்கள். மதுரைப் பெண் கடைசி வரை பவுடரோடு உட்கார்ந்திருந்து, பாவம், கை தட்டியது.

கச்சேரி முடிந்ததும் மிளகாய்க்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். துண்டில் கொஞ்சம் குண்டு மிளகாய் முடிந்து கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். "இன்னைக்கு ஆளும் வந்துச்சு" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஏன்க்கா, உங்க மகதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேன்ல?"

"அதான் சொல்லலை" என்றேன். சொல்லவிடாமல் தடுத்தது என் மகள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

டீக்கடைக்காரர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. கேசட் அட்டையையும் என் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் பாடுறீங்க தாயி. ஆனா கேசட்டுல பாடுனவுக வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கேசட்டில் அவள் படத்தையே போட்டார்கள். முதல் கேசட் அளவு அது விற்கவில்லை. மேடைக்கோ, நயினார்கோவில் பக்கத்து ஊர்களிலிருந்து தூத்துக்குடி வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விற்றது பெரிதா, மேடை பெரிதா என்று அந்த மாமன் மச்சான் இரண்டு பேரும் இன்னும் சண்டை போடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிவப்புச் சேலையை மூத்த மருமகள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிக்கொண்டாள்.

ஆறு பிள்ளைகளையும் பாராட்டிப் பாராட்டியே வளர்த்தவள் நான். ஆனால் என் பாராட்டு என் மகளின் தலையை நிமிர்த்தவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன குறைதான் நிமிர்த்தியது. அதைக் கேட்டுக்கொள்ளும் தைரியம் அவளுக்கு இருந்ததே, அதுதான் இன்றைக்கும் எனக்குப் பெருமை. அவள் மேடையில் வாங்கிய கைதட்டல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அந்த மகள் பெற்ற பேத்தி. எங்கே தாயி, எழுதினதை ஒரு தரம் வாசித்துக் காட்டு. அந்த மிளகாய்க்காரர் பேசினதைக் குறைக்காமல் வாசி. "வந்தாச்சா" வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்து, பதிலை நான் சொல்கிறேன்.